இடதுபக்கம் கண்ணடிக்கும் வண்டி

என் ஸ்கூட்டரின் இடது இண்டிகேட்டர்
ஓணத்துக்கு முந்தின வாரம் எரியத் தொடங்கியது.
இன்னும் அணையவில்லை.
வேர்க்கிளம்பி ஒர்க்‌ஷாப் றாபின்சன்
ரெண்டு முறை கழற்றினான், ஒரு முறை ஊதினான்.
"ஒயர்ல வெள்ளம் கேறியிருக்கும் அக்கா,
வெயிலடிச்சா தன்னால சரியாவும்."
ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போக?

அன்றிலிருந்து நான்
திரும்பப் போகிறேன், திரும்பப் போகிறேன் என்று
ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு
நேராகவே போய்க்கொண்டிருக்கிறேன்.

அழகியமண்டபம் சந்திப்பில் ஒரு போலீஸ்காரர்
எனக்காக ரப்பர் ஏற்றிய லாரியை நிறுத்தி
இடதுபக்கம் கை நீட்டி வழிவிட்டார்.
அந்த மரியாதைக்காகவே திரும்பினேன்.
தக்கலை ரோட்டில் தேவையில்லாத ஒரு டீ குடித்து
திங்கள்நகர் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது
வெறும் வயிற்றோடு நாலு பேர்,
மடித்த சட்டைக் கையோடு நாலு பேர்,
ஊசியை விட என்னையே அதிகம் வெறுத்தார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நடந்ததுதான் மோசம்.
குளச்சலிலிருந்து சாளை ஏற்றிவந்த ததேயுஸ் அண்ணன்
என் விளக்கை நம்பினார்.
நான் இடதுபக்கம் ஒதுங்குவேன் என்று
வலதுபக்கமாக ஏறிவந்தார்.
நானோ குழிக்குப் பயந்து
வலதுபக்கமே ஒடித்தேன்.

அடி ஒன்றுமில்லை.
அவருக்கு முழங்கை, எனக்குக் கண்ணாடி.
பெட்டி மட்டும் சாய்ந்து
சர்ச் வளைவு முழுக்கச் சாளை.

"லைட்டு போட்டியே மக்களே" என்றார்.
கோபமில்லை அதில்.
ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பேசிய சம்பந்தம்
திங்கட்கிழமை முறிந்துபோனவர் குரல்.

குனிந்து பொறுக்கினோம்.
பின்னால் நின்ற மினிபஸ் கண்டக்டரும் இறங்கி
ரெண்டு கை அள்ளினார்.
ஒரு கை பெட்டிக்குப் போனது.
இன்னொரு கையை
நான் கவனிக்கவில்லை என்றே இருக்கட்டும்.
இருநூறு நீட்டினேன்.
நூறு எடுத்துக்கொண்டு நூறைத் திருப்பித் தந்தார்.
நோட்டில் செதில் ஒட்டியிருந்தது.

எங்கள் வீட்டு காலிங் பெல் வேறு ரகம்.
அமுக்கினால் அடிக்காது.
மழை பெய்தால் தானாக அடிக்கும்.
மனிதர்கள் வந்தால் கேட்டைத் தட்டுவார்கள்.
மழை மட்டும் முறைப்படி பெல்லடித்து வரும்.
முதல் ரெண்டு மாதம் ஓடிப்போய்த் திறந்தோம்.
இப்போது என் வீட்டுக்காரர் ஜெயசிங்
டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல்
"ஆருமில்ல" என்பார்.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு அடித்தது.
ஆருமில்ல.
எட்டே முக்காலுக்கு
கொஞ்சம் நீளமாக அடித்தது.
ஆருமில்ல.
நான் குளிமுறியில்
மூன்றாம் முறையாகத் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் கேட்டில்
என் லேப் அடையாள அட்டை தொங்கியது.
கழுத்திலிருந்து போனதே எனக்குத் தெரியாது.
பின்பக்கம் வீட்டு விலாசம் இருக்கிறது, சரி.
பக்கத்தில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கவருக்கு
அடிப்பக்கம் இல்லை.
மதில்மேல் றோஸ்லெட் வீட்டுப் பூனை
முகம் கழுவிக்கொண்டிருந்தது.

பெல்லை அமுக்கிப் பார்த்தேன்.
அடிக்கவில்லை.
சாய்ந்து நின்று அமுக்கினேன்.
அடிக்கவில்லை.
"எட்டே முக்காலுக்கு மழை உண்டா?"
"எட்டரைக்கே தோர்ந்தாச்சே" என்றார் ஜெயசிங்,
சொல்லிவிட்டு அவரும்
பல்துலக்குவதைக் கொஞ்சம் நிறுத்தினார்.

அடுத்த வியாழன், அதே ரோடு, அதே நேரம்.
பின்னால் ஹாரன்.
கண்ணாடி இல்லாததால் திரும்பிப் பார்த்தேன்.
பத்தடி தள்ளியே வண்டியை நிறுத்திவிட்டார்.
"மக்களே, எங்கோட்டு?"

அன்றைக்குப் பார்த்து
எனக்கு மார்த்தாண்டம் போகவேண்டியிருந்தது,
புது பெல் வாங்க.
சந்திப்பில் இடதுபக்கம்தான்.
"இடது" என்று கத்தினேன்.
கையையும் நீட்டினேன்.
விளக்கும் தன் பங்குக்கு எரிந்தது.

ததேயுஸ் அண்ணன் இறங்கி,
ஸ்டாண்டு போட்டு,
பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
நான் கண்ணுக்கு மறைகிறவரை
அங்கேயே நின்றார்.